யாரிடம் வாங்குவது என்பது ஒப்பந்தத்தில் வரக்கூடாது

குலசேகரன்பட்டினம்
5.11.2025

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவோடு நடந்துவரும் வர்த்தகப் பேச்சுவார்த்தையைப் பற்றிய செய்திகளில், வரி எத்தனை சதவீதம் குறையும் என்ற கணக்கே பெரிதாக நிற்கிறது. அந்தக் குறைப்புக்கு ஈடாக நாம் எதை எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்ற கேள்வி பின்னால் தள்ளப்படுகிறது. ஒப்பந்தத்தின் வாசகத்தை நாடாளுமன்றம் பார்ப்பதற்கு முன்பே அது கையெழுத்தாகிவிடலாம் என்ற நிலையை எதிர்த்தே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இந்திய ஏற்றுமதிப் பொருள்கள் மீது 2025 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் 25 சதவீத வரி வந்தது. ஆகஸ்ட் 27 அன்று இன்னொரு 25 சதவீதம் சேர்ந்தது. இரண்டையும் கூட்டி 50 என்று பேசிப் பேசி, இரண்டும் ஒரே வகை என்பதுபோல் ஆகிவிட்டது. முதல் வரிக்குக் காரணம் இரு நாட்டு வணிகக் கணக்கு. அது நியாயமா இல்லையா என்று பேரம் பேசலாம். இரண்டாவது வரிக்கும் நம் இறாலுக்கும் துணிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்கான தண்டனை அது. நம்மைவிட அதிகமாக அதே எண்ணெயை வாங்கும் சீனாவுக்கு அந்தத் தண்டனை விதிக்கப்படவில்லை. ரஷ்யாவிலிருந்து ஐரோப்பா இயற்கை எரிவாயுவும், அமெரிக்கா தன் அணு உலைகளுக்கான யுரேனியமும் வாங்கிக்கொண்டிருப்பதை நம் வெளியுறவு அமைச்சகமே ஆகஸ்ட் 4 அன்று எடுத்துச் சொன்னது. ஆகவே எண்ணெயை விடவும், நாம் யாரிடம் வாங்குவது என்பதை இன்னொருவர் தீர்மானிக்கலாமா என்பதே இங்கே கேள்வி.

இது வீண் பயம் என்று நினைப்பவர்கள் மலேசியாவைப் பார்க்க வேண்டும். 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் அந்நாடு அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தன் பொருளாதார அல்லது தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா மூன்றாம் நாடு ஒன்றின் மீது கட்டுப்பாடு விதித்தால், மலேசியாவும் அதற்கு ஈடான கட்டுப்பாட்டை எடுக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்நாட்டு எதிர்ப்பாளர்கள் இதை இறையாண்மையை விட்டுக்கொடுத்த செயல் என்கிறார்கள், அரசு மறுக்கிறது. மறுப்பு எப்படியிருந்தாலும் வாசகம் வாசகமாகவே இருக்கும். நாளை அங்கே ஆட்சி மாறினாலும் அந்த வாசகம் மாறாது. நம் விஷயத்திலும் ஒரு முன்கதை உண்டு. 2018இல் நமக்கு எண்ணெய் தந்த முதன்மையான நாடுகளில் ஒன்று ஈரான். அமெரிக்கா தந்த விலக்கு முடிந்ததும், 2019 மே மாதத்தோடு அங்கிருந்து வாங்குவதை நிறுத்திவிட்டோம். எதையும் எழுதிக் கொடுக்காதபோதே அப்படி நடந்தது என்றால், எழுதிக் கொடுத்தபின் நமக்கு என்ன இடம் மிஞ்சும்?

இந்தக் கடற்கரைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1530களில் கடலில் தமக்கு வந்த தொல்லைக்குப் பாதுகாப்புத் தேடி முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரை நாடினார்கள். பாதுகாப்பு கிடைத்தது, முத்துச் சலாபத்தின் வருமானமும் அதிகாரமும் வந்தவர்கள் கைக்குப் போயின. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது அந்த அதிகாரம் கைமாறியதே தவிரக் கரைக்குத் திரும்பவில்லை. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது முதலில் ஓட்டியது சொந்தக் கப்பல் அல்ல. பம்பாய் ஷா லைன் நிறுவனத்தின் வாடகைக் கப்பல். பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்குதல் வந்ததும் கப்பல் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. கொழும்பிலிருந்து வேறு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சமாளித்தார். பிறகு பிரான்சிலிருந்து ‘காலியா’ என்ற கப்பல் சொந்தமாக வந்தது. வெள்ளையனை எதிர்த்தவர் இன்னொரு வெள்ளைக்கார நாட்டிடம் கப்பல் வாங்கினாரே என்று யாரும் குறை சொல்லவில்லை. ஒரு கடை மூடினால் அடுத்த கடைக்குப் போகும் உரிமையைத்தான் அவர் சுதேசி என்று புரிந்துகொண்டார்.

எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே கதை ராக்கெட்டில் நடந்தது. கிரையோஜெனிக் எஞ்சினையும் அதன் தொழில்நுட்பத்தையும் வாங்க, 1991இல் சோவியத்தின் கிளாவ்காஸ்மோஸ் நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது. 1992 மே மாதம் அமெரிக்கா இரு நிறுவனங்கள் மீதும் தடை விதித்தது. 1993இல் ரஷ்யா பணிந்தது: எஞ்சின்கள் கிடைத்தன, தொழில்நுட்பம் வரவில்லை. நம்மவர்கள் மகேந்திரகிரியில் ஆண்டுக்கணக்காகச் சோதனை செய்தார்கள். 2010 ஏப்ரலில் உள்நாட்டு எஞ்சினோடு கிளம்பிய ராக்கெட் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5 அன்றுதான் வெற்றி வந்தது. ஒரு கையெழுத்தை நம்பியதற்கும் சொந்தக் காலில் நின்றதற்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டுகள் போயின. 2024 பிப்ரவரி 28 அன்று எங்கள் ஊரில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே ஏவலாம் என்பதால் இந்த இடம் தேர்வானது. இங்கிருந்து வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களும் ஏவப்பட வேண்டும், அந்நிய முதலீடும் வரட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. யாருடைய செயற்கைக்கோளை ஏவலாம், யாருடையதை ஏவக்கூடாது என்ற பட்டியல் மட்டும் வேறொரு தலைநகரில் தயாராகக் கூடாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு பசியைப் பற்றியது. அதை லேசாகத் தள்ள முடியாது. 2024-25இல் நம் கடல் உணவு ஏற்றுமதி 62,408 கோடி ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்காவுக்குப் போனது. இறாலுக்கு ஏற்கெனவே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி முதலியவற்றையும் சேர்த்தால் 2025 ஆகஸ்டில் சுமை 58 சதவீதம் ஆனது. ஈக்வடார் கட்டியது இதைவிட மிகக் குறைவு. இறால் பண்ணையில் கடன் வாங்கிக் குஞ்சு விட்டவருக்கும், மீன் கம்பெனியில் நாள்கூலிக்கு இறால் உரிக்கும் பெண்ணுக்கும் இறையாண்மை பற்றி வகுப்பெடுப்பது அநியாயம். நாட்டின் உரிமைக்காக விழும் அடியை நாடு முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கடற்கரை மட்டும் தாங்கக் கூடாது. மலிவான ரஷ்ய எண்ணெயால் கிடைத்த லாபத்தின் ஒரு பகுதி, வட்டித் தள்ளுபடியாகவும் கூலி இழப்பீடாகவும் இங்கே வந்து சேர வேண்டும். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால், அங்கே 21.5 சதவீதம் வரை இருக்கும் கடல் உணவு வரி நீங்கும். அது போன்ற கதவுகளை வேகமாகத் திறப்பதே இறாலுக்கு நிலையான மருந்து.

இரண்டாவது மறுப்பு, அமெரிக்காவைச் சாடுகிறவர்கள் ரஷ்யாவையும் சீனாவையும் விட்டுவிடுகிறார்கள் என்பது. நான் விடவில்லை. 1993இல் நெருக்குதலுக்குப் பணிந்து நம்மைக் கைவிட்டது நண்பன் என்று நாம் நம்பிய ரஷ்யாதான். 2022க்கு முன் நூற்றில் இரண்டுகூட இல்லாத ரஷ்ய எண்ணெய் 2025இல் மூன்றில் ஒரு பங்கானதும் ஆரோக்கியமல்ல. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் நம் வாகனத் தொழிற்சாலைகள் தடுமாறின. அத்தகைய காந்தங்கள் தேவைப்படும் மின்சாரக் கார் ஆலையை 2025 ஆகஸ்டில்தான் தூத்துக்குடியில் திறந்தோம். ரஷ்ய எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்று நம் அரசே கணக்குப் பார்த்து முடிவெடுத்தால் வரவேற்பேன். அதே முடிவு ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக வந்தால் எதிர்ப்பேன். இப்படி நாமே முடிவெடுத்துச் சார்பைக் குறைத்ததற்கு முன்னுதாரணம் உண்டு. 1965-66இல் நாம் உண்ண அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்திருந்தபோது, அதிபர் ஜான்சன் கப்பல்களைச் சிறிது சிறிதாக விட்டுப் பிடித்தார். அப்போது உணவு அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் உறவை முறிக்கவில்லை. மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை இறக்கி, கையேந்த வேண்டிய தேவையையே குறைத்தார்.

பேரத்தை ரகசியமாகத்தான் நடத்த வேண்டும் என்பது கடைசி வாதம். பேரம் ரகசியமாக நடக்கட்டும். முடிந்தபின் வாசகமும் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடன்படிக்கை உறுதியாகும் முன் 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வர்த்தக ஒப்பந்தங்களுக்கு அதன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை. நம் அரசியல் சட்டத்தின் 253ஆவது பிரிவு உடன்படிக்கையை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. கையெழுத்துக்கு முன் அதைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே இந்திய-பிரிட்டன் ஒப்பந்தத்தை லண்டன் உறுப்பினர்கள் உறுதிப்படுத்தும் முன் அலசலாம். தூத்துக்குடி உறுப்பினருக்கு அந்த உரிமை இல்லை. இது நமக்கு அவமானம்.

வரும் கூட்டத்தொடரிலேயே வர்த்தக அமைச்சர் இரண்டு உறுதிகளை அவையில் தர வேண்டும். மூன்றாம் நாட்டோடு நாம் வணிகம் செய்வதைக் கட்டுப்படுத்தும் எந்தப் பிரிவையும் இந்தியா ஏற்காது என்பது ஒன்று. அமெரிக்க ஒப்பந்தத்தின் முழு வாசகமும், தமிழ் உள்ளிட்ட மொழிகளில், கையெழுத்துக்கு முப்பது நாள் முன்னதாக வெளியிடப்படும் என்பது மற்றொன்று. இதற்கான கேள்வியை எங்கள் தொகுதி உறுப்பினரும் மற்ற தமிழக உறுப்பினர்களும் கட்சி பாராமல் கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே எழுப்ப வேண்டுமெனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குலசேகரன்பட்டினம்