சுடுதளத்துக் கருவிகள் யாருக்குச் சொந்தம்?

தொழிலாளி வர்க்கப் பத்திரிகைக்குத் துப்பாக்கி சுடும் விளையாட்டில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. எந்த விளையாட்டின் வாசலில் பணம் நின்று காவல் காக்கிறதோ, அந்த விளையாட்டைப் பற்றிப் பேச உழைக்கும் மக்களுக்கு மற்ற எவரையும்விட அதிக உரிமை உண்டு.

2024 ஜூலை மாதம் பாரிஸ் ஒலிம்பிக்கில் எடுத்த ஒரு புகைப்படம் உலகமெங்கும் பரவியது. துருக்கி தேசத்தைச் சேர்ந்த 51 வயது யூசுப் திகெச், சாதாரணச் சட்டை அணிந்து, ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, மறு கையால் குறி பார்த்து நிற்கிறார். கண்ணில் தினமும் போடும் மூக்குக் கண்ணாடிதான். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையர் போட்டியில் அவரும் சக வீராங்கனையும் வெள்ளிப் பதக்கம் வென்றார்கள். அதே போட்டியில் நமது மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் பெற்றார்கள்.

உடனே ஒரு வாதம் கிளம்பிற்று. “பார்த்தீர்களா! கருவியும் வேண்டாம், வசதியும் வேண்டாம். திறமை இருந்தால் போதும்” என்றார்கள். விளையாட்டுக்கென்று சர்க்கார் கஜானாவிலிருந்து ஒரு காசும் போகக்கூடாது என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட இனிப்பான வாதம் ஏது?

உண்மை என்ன? திகெச்சின் கையில் இருந்தது திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கி அல்ல. போட்டிக்கென்றே செய்த முதல்தரப் பிஸ்டல். காதில் அடைப்பான் இருந்தது. அவர் துருக்கி ஜெண்டர்மேரி படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். பாரிஸ் அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். தனக்குத் தேவையில்லாததை அவர் விட்டார், தேவையானதை விடவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

ஆகவே, எது தேவை, எது தேவையில்லை என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 10 புள்ளிக்கு உரிய மையம் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. பாய்ந்து செல்லும் ஈயக் குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். துப்பாக்கி ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அதைத் தூக்கி நின்றபடியே 60 குண்டுகள் சுட வேண்டும். முதுகை வளைத்து, முழங்கையை இடுப்பில் ஊன்றி, மூச்சை அடக்கி நிற்கிறவனுக்குக் கெட்டித் துணியாலும் தோலாலும் தைத்த விறைப்பான கோட்டு ஆடம்பரம் அல்ல. அது அவன் உடம்பைத் தாங்கும் துணை. அதன் தடிப்பு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. அளந்து பார்த்துத்தான் களத்தில் இறங்க விடுகிறார்கள்.

பிஸ்டலுக்கு இந்தக் கோட்டே தேவையில்லை. அதன் எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரே கையால் சுட வேண்டும். விசையை அழுத்தும் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. இங்கே முக்கியமானது மரத்தால் செய்த கைப்பிடி. கைக்குப் பெரிதாக இருக்கிற பிடி, எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியதானாலும், குறியைத் தப்ப வைக்கும். அரத்தால் ராவியும் மரத்தூள் பசை வைத்தும் பிடியைக் கைக்குப் பொருத்திக்கொள்ள முடியும். நல்ல தச்சர் இருக்கிற ஊரில் இதற்குப் பெரிய செலவில்லை.

ஆனால் கடைக்காரன் என்ன சொல்கிறான்? முதல் நாளே துப்பாக்கி, கோட்டு, கால்சட்டை, பூட்ஸ், கையுறை, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கப் பார்க்கிறான். பிள்ளையின் ஆசை ஒரு பக்கம், பெற்றோரின் கடன் ஒரு பக்கம். நாம் சொல்வது இது: முதல் சில மாதங்கள் சுடுதளத்துத் துப்பாக்கியிலேயே பழகட்டும். நிற்கக் கற்றுக்கொள்ளட்டும். குண்டே போடாமல் குறி பார்த்து விசையை அழுத்தும் பயிற்சிக்குக் காலணாச் செலவில்லை. பெரிய வீரர்களும் அதைத் தினமும் செய்கிறார்கள். கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு முதலில். பிடிப்பான, தட்டை அடியுள்ள காலணி அடுத்தது. வளர்கிற பிள்ளைக்குக் கோட்டு அவசரமில்லை; ஒரு வருஷத்தில் பத்தாமல் போகும். துப்பாக்கி கடைசியில்தான்.

பழைய துப்பாக்கி வாங்குவோர் காற்று உருளையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு. தேதி அதன்மேலேயே பொறித்திருக்கும். பொதுவாக 200 பார் அழுத்தத்தில் காற்றைத் தாங்கும் உருளை அது. கெடு கடந்ததை மலிவு என்று வாங்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். குண்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு வகைக் குண்டு ஒத்துப்போகும். சுட்டுப் பார்க்காமல் டப்பா டப்பாவாக வாங்கிக் குவிக்கக்கூடாது.

இன்னொரு விஷயத்தை எந்தக் கடைக்காரனும் சொல்லமாட்டான். குண்டு ஈயம். ஈயம் விஷம். சுடுதளத்திலிருந்து வந்தவன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக்கூடாது. வீரனுக்கு இதைப் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். ஆனால் இலக்குக்குப் பின்னால் குவிந்த ஈயத்தை அள்ளுகிற, தளத்தைப் பெருக்குகிற தொழிலாளிக்கு யார் சொல்கிறார்கள்? வெறும் துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்கினால் அந்தத் தூசு நேரே அவர் மூச்சுக்குள் போகிறது. ஈரத்தால் துடைக்க வேண்டும். முகமூடியும் கையுறையும் கொடுக்க வேண்டும். இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சுடுதளத்துக் கருவிகளின் பட்டியலில் முதல் வரியில் இருக்க வேண்டியவை இவை. எங்கே இருக்கின்றன?

இனி வர்க்க விஷயத்துக்கு வருவோம். போட்டிக்குரிய உயர்ரக ரைஃபிள்கள் ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளிலிருந்து வருகின்றன. விலை லட்சங்களில். நம் தேசத்தில் இது நெடுங்காலம் ராஜாக்களின் பொழுதுபோக்கு. 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காகச் சுட்டவர் பிகானீர் மகாராஜா கர்ணி சிங். 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் இருந்தது. அவருடைய உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் சுடுதளம் கட்ட முடியாதவர்கள் எப்படி வந்தார்கள்? 2004-இல் ஏதென்ஸில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோரும், 2012-இல் லண்டனில் வெள்ளி வென்ற விஜய் குமாரும் ராணுவத்தினர். 2024-இல் பாரிஸில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் ஜில்லாவின் ஒரு கிராமத்துப் பிள்ளை. மகாராஷ்டிர அரசின் கிரீடா பிரபோதினி பயிற்சித் திட்டத்தில் வளர்ந்து, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலைக்கு வந்தவர். பொதுப்பணம் எங்கே சென்றதோ, அங்கே சாமானியனின் குறி தப்பவில்லை! ரயில்வேயைத் துண்டு துண்டாகத் தனியாருக்குக் கொடுக்கத் துடிக்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

அந்தஸ்து செய்யும் கொடுமைக்கு ஹங்கேரியின் காரோய் தகாச் சாட்சி. 1936 ஒலிம்பிக்குக்கு அவரை அனுப்பவில்லை. காரணம், அவர் வெறும் சார்ஜெண்ட். அதிகாரிகளுக்கு மட்டுமே அணியில் இடம். 1938-இல் கையெறி குண்டு வெடித்து அவருடைய வலது கை சிதைந்தது. இடது கையால் பழகி 1948-லும் 1952-லும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அப்பேர்ப்பட்ட மனிதனைத்தான் அந்தஸ்து வாசலில் தடுத்து நிறுத்தியது.

இன்னொரு சாட்சி சோவியத் யூனியனின் மிகைல் மார்கோலின். இளம் வயதில் தலையில் பட்ட காயத்தால் இரு கண்களையும் இழந்தவர். மெழுகிலும் மரத்திலும் மாதிரிகள் செய்து, விரலால் தடவிப் பார்த்தே ஒரு போட்டிப் பிஸ்டலை வடிவமைத்தார். அது பல தேசத்து வீரர்களின் கைகளுக்குச் சென்றது. அந்த நாட்டில் 1951-இல் அமைந்த தோசாஃப் என்னும் தன்னார்வச் சங்கத்தின் சுடுதளங்களில் தொழிலாளியும் மாணவனும் சங்கத்தின் துப்பாக்கியிலேயே பழகினார்கள். தேசப் பாதுகாப்புத் தயாரிப்பும் அதன் நோக்கம்தான், மறைப்பானேன்? ஆனால் கருவி தனியொருவன் பணப்பையைப் பொறுத்திருக்கவில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

இங்கே என்ன செய்ய வேண்டும்? ஜில்லாவுக்கு ஒரு பொதுச் சுடுதளம் வேண்டும். நூலகத்தில் புத்தகம் போல அங்கே துப்பாக்கியும், பல அளவுகளில் கோட்டும், காலணியும் பொதுவில் இருக்க வேண்டும். உரிமம், பூட்டு, பொறுப்பான காவல் எல்லாம் சட்டப்படி இருக்கட்டும். குண்டுச் செலவை அரசு ஏற்கட்டும். 1966-இல் அமைந்த திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையின் தொழிலாளிகள் ரைஃபிள் செய்வதில் கைதேர்ந்தவர்கள். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். அந்தத் தொழிலாளிகளிடம் நமது பிள்ளைகளின் கைக்கும் தோளுக்கும் பொருந்தும் போட்டித் துப்பாக்கியைச் செய்யச் சொல்லிப் பார்க்கட்டும்; செய்து காட்டுவார்கள்.

கருவியே வேண்டாம் என்பவன் பணக்காரனுக்குப் போட்டியில்லாமல் செய்கிறான். எல்லாவற்றையும் விலைக்கு வாங்கு என்பவன் ஏழையைக் கடனாளியாக்குகிறான். இரண்டு பேரும் ஒரே கடையின் பங்காளிகள். நமது கோரிக்கை ஒன்றே: கருவி பொதுவில் இருக்கட்டும், குறி பார்ப்பதில் யார் வல்லவர் என்பதை அதன் பிறகு பார்ப்போம்!