இரட்சிப்பின் நிச்சயமும் ஆவிக்குரிய வளர்ச்சியும்

“யான் இரட்சிக்கப்பட்டேன், இனி எனக்கு யாது குறை?” என்பார் சிலர். “முற்றும் பரிசுத்தனானாலன்றி அந்நிச்சயம் எனக்கு வாராது” என்று ஏங்குவார் வேறு சிலர். இவ்விரு சாராரும் வழி தவறினர் என்பதே எமது துணிபு.

1678-இல் ஜான் பனியன் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தை நோக்குக. அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளையவர்களின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. பனியன் கதையில் யாத்திரிகனது பாவச்சுமை, பயணத்தின் முற்பகுதியிலேயே சிலுவையருகில் விழுந்தொழிகின்றது. அங்கேயே, நிச்சயத்திற்கு அடையாளமாகிய முத்திரையிட்ட சுருளையும் அவன் இலவசமாய்ப் பெறுகின்றான். எனினும் மோட்ச நகரமோ நெடுந்தொலைவிலுள்ளது. கஷ்டமென்னும் மலைநடுவே, இளைப்பாறும் பந்தரில் அவன் உறங்கியபோது, அச்சுருள் கைநழுவுகின்றது. அழுதுகொண்டு வந்தவழியே மீண்டு, அதைக் கண்டெடுத்த பின்னரே அவன் மேற்செல்கின்றான். உறக்கத்தால் அவன் இழந்தது தன் நெஞ்சின் ஆறுதலை. அரசனது கிருபை மாறிற்றிலது.

மாணவ நண்பர்காள்! நிச்சயம் வேர்; வளர்ச்சி அதனின்று எழும் செடி. வேரை நாடோறும் தோண்டிப் பார்ப்பவனது செடி வாடும். நீர் பாய்ச்சாதவனது செடியும் வாடும். ஆதலின், தேவனது வாக்குத்தத்தத்தைப் பற்றிக்கொண்டு, ஜெபத்திலும் வேதவாசிப்பிலும் பிறர்க்குச் செய்யும் ஊழியத்திலும் உறங்காது நடப்போமாக.