பூங்கா வரட்டும், வீட்டுச் சாவி அதற்கு முன்னே வரட்டும்!

ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ உள்ள நிலத்தை நகராண்மைக் கழகம் விலை கொடுத்து வாங்கிப் பொதுப் பூங்கா ஆக்கலாமா, கூடாதா என்ற பேச்சு நம் நாட்டுப் பட்டணங்களில் அவ்வப்போது எழுகிறது. வரி கட்டுவோர், "இவ்வளவு பணமா?" என்று கேட்கிறார்கள். மேம்பாட்டாளர்கள், "அங்கே அடுக்குமாடி எழுப்பினால் வருமானம் வருமே!" என்கிறார்கள். பக்கத்துத் தாமானில் குடியிருப்போர் கூட்டம் போட்டு மனு எழுதுகிறார்கள். இத்தனை பேர் பேசும் இடத்தில் வாயைத் திறக்காத கூட்டம் ஒன்று உண்டு. அது நம் கூட்டம்தான்.

"நமக்கு என்னங்க அதுல? பட்டணத்துக்காரங்க நடந்து உடம்பைக் குறைக்கிறதுக்கு ஒரு தோட்டம். நாம வேலை பார்க்கிற தோட்டத்திலேயே நடந்து நடந்து கால் தேயுது!" என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நினைப்பினால் நட்டப்படுவது யார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணம் உள்ளவனுக்குப் பொதுப் பூங்கா தேவையில்லை. அவனுக்கு வீட்டைச் சுற்றிப் புல்தரை இருக்கிறது, கிளப் இருக்கிறது, ஓட்டலில் நீச்சல் குளம் இருக்கிறது. காசு கொடுக்காமல் காற்று வாங்க இடம் தேடுகிறவன் ஏழைதான். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஓடியாட ஒரு திடல் இருந்தது. கோயில் வாசல் இருந்தது. குளிக்க ஆறு இருந்தது. தோட்டம் விற்கப்பட்டுப் பட்டணத்துக்கு வந்து 700 சதுர அடி பிளாட் வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கு என்ன இருக்கிறது? லிப்ட் வாசலும் கார் நிறுத்துமிடமும்தான். அந்தப் பிள்ளைகள் மாலையில் எங்கே போவார்கள்? நல்ல இடம் இல்லாவிட்டால் கெட்ட இடம் அவர்களைத் தேடி வரும். இது நாம் கண்ணால் கண்ட சங்கதி.

கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை வந்தால் லோரி பிடித்து, சோறு கட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் போர்ட்டிக்சனுக்குப் போனவர்கள் நம்மில் ஏராளம். அலை வந்து நனைக்கும் மணல் பொதுவாக மாநில அரசாங்கத்தின் நிலம். ஆனால் அந்த மணலுக்குப் பின்னால் உள்ள நிலம் தனியார் கைக்குப் போய்விட்டால்? வேலி எழும்பும், காவலாளி நிற்பார், "இது ஓட்டல் விருந்தினருக்கு மட்டும்" என்று பலகை தொங்கும். கடல் அங்கேயே இருக்கும். அதற்குப் போகும் வழிதான் இருக்காது! தண்ணீர் ஓரத்து நிலத்தைப் பொதுப் பணத்தில் வாங்க வேண்டும் என்று சொல்வதன் நியாயம் இதில்தான் இருக்கிறது. வாங்குவது மணலை அல்ல. மணலுக்குப் போகும் உரிமையை.

தலைநகரில் நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. 1888-ஆம் ஆண்டில் சிலாங்கூர் அரசாங்கத்தின் கருவூல அதிகாரியாக இருந்த ஆல்பிரட் வென்னிங், கோலாலம்பூரில் ஒரு பொதுப் பூங்கா வேண்டும் என்று யோசனை சொன்னார். 173 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. சிறு ஆறு ஒன்றுக்கு அணை கட்டி ஏரி உண்டாக்கினார்கள். 1889 மே 13-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதுதான் ஏரிப் பூங்கா, லேக் கார்டன்; 1975-இல் அதற்குத் தாமான் தாசேக் பெர்டானா என்று பெயர் வைத்தார்கள். அன்று கோலாலம்பூர் ஈயச் சுரங்கத்தை நம்பியிருந்த சிறு பட்டணம். இன்றோ நகரத்தின் நடுவில் 173 ஏக்கர் வாங்க எந்த மாநகர் மன்றத்தின் கஜானாவுக்கும் தெம்பு இருக்காது. காலத்தோடு ஒதுக்கியதால் இன்று தீபாவளி, ஹரிராயா, சீனப் பெருநாள் எதுவானாலும் எல்லா இனத்துப் பிள்ளைகளும் அந்த ஏரிக்கரையில் ஓடியாடுகிறார்கள்.

அதே ஏரிக்கரைக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பூங்கா திறந்த மறு ஆண்டு, 1890-இல், அதன் ஓரத்தில் லேக் கிளப் எழுந்தது. வெகு காலத்துக்கு அதில் வெள்ளைக்காரர்கள் மட்டுமே உறுப்பினராக முடியும். 'பொது' என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஓர் இடம் பொதுவாகி விடாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

ஆகவே பூங்கா வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள்? அவர்களுக்கு என்ன வழி செய்தார்கள்? இதைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நம் இனத்தவர் பட்ட பாடு ஒன்றே சொல்லும். அது புக்கிட் கியாரா.

இன்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டி இருக்கும் அந்த மலை, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். நம்மவர்கள் பால்மரம் வெட்டிய மண். அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அங்கு வேலை செய்த ஏறக்குறைய 100 குடும்பங்களை 1980-களின் தொடக்கத்தில் நீண்ட வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். "கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளுங்கள், நிரந்தர வீடு வரும்" என்றார்கள். மலை மீது கோல்ப் மைதானம் வந்தது; குதிரையேற்ற மன்றம் வந்தது. நீண்ட வீட்டுக்காரர்களுக்குச் சொன்ன வீடு மட்டும் வரவில்லை. பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நீண்ட வீடுகளை ஒட்டி இருந்த ரிம்பா கியாரா பூங்கா ஏறக்குறைய 25 ஏக்கர். 2017-இல் அதில் 12 ஏக்கர் நிலத்தில் கட்டடம் எழுப்ப மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. 42 முதல் 54 மாடி வரை உயர்ந்த 8 கட்டடங்கள் வசதி உள்ளோர் வாங்குவதற்கு. இதோடு 29 மாடியில் 350 மலிவு வீடுகள் கொண்ட ஒரே ஒரு கட்டடம். தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுக்கிறோம் என்ற பெயரைச் சொல்லித்தான் இத்தனையும்!

தாமான் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். நீண்ட வீட்டில் இருந்த பலர், "இந்தத் திட்டமாவது நடக்கட்டும், சாவதற்குள் ஒரு வீட்டைக் கண்ணால் பார்த்துவிடலாம்" என்று ஏங்கினார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. ஆனால் பாருங்கள்: பூங்கா வேண்டும் என்பவர் ஒரு பக்கம், வீடு வேண்டும் என்பவர் ஒரு பக்கம் என்று இரு சாராரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். நீண்ட வீடுகள் இருந்த இடத்திலேயே அந்தக் குடும்பங்களுக்கு மட்டும் வீடு கட்டியிருந்தால் பூங்காவில் கைவைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. தாமான் மக்களும் அதைத்தான் கேட்டார்கள்.

வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. 2018-இல் உயர் நீதிமன்றம் மாநகர் மன்றத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2023 ஏப்ரல் 18-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம், கட்டட அனுமதி செல்லாது என்று முடித்து வைத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன். நகரத் திட்டத்தில் அந்த இடம் பொதுப் பூங்கா என்று குறிக்கப்பட்டிருந்தது. அதை மீறுவதென்றால் மேயர் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பூங்காவைக் காப்பாற்றியது எழுத்து. திட்டத்தில் எழுதி வைத்திருந்ததால்தான் நீதிமன்றத்தில் அதைக் காட்ட முடிந்தது. மற்றொன்று, தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டு வாக்கு வெறும் வாய்ச்சொல்லாய் நின்றது. தீர்ப்பு வந்த அன்றும், 40 ஆண்டுக்குப் பிறகும், அந்தக் குடும்பங்கள் நீண்ட வீட்டில்தான் இருந்தன. மரத்துக்கு எழுத்து இருந்தது. மனிதனுக்கு எழுத்து இல்லை!

இதற்கு அடிப்படைக் காரணமும் நமக்குத் தெரிந்ததே. 1960-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி அரசாங்கம் ஒரு நிலத்தை எடுத்தால், நட்ட ஈடு அந்த நிலத்தில் சட்டப்படி உரிமை உள்ளவருக்குப் போகிறது. தோட்டத்து லயம் முதலாளியின் சொத்து. மூன்று தலைமுறை அதில் வாழ்ந்தவன் பெயரில் ஒரு காகிதமும் இல்லை. நிலம் கைமாறினால் முதலாளிக்குக் காசோலை. தொழிலாளிக்கு மூட்டை முடிச்சு.

நிலம் விற்பனைக்கு வரும்போது அதை வாங்குவது யார் என்பதுதான் ஏழையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் இதை நன்றாக உணர்ந்தவர் துன் சம்பந்தன். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளிகளையே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்ட வைத்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிக் காட்டினார். தரகன் வாங்கினால் துண்டாடுவான்; ஊர் வாங்கினால் ஊருக்கு நிற்கும். நகராண்மைக் கழகம் தண்ணீர் ஓரத்து நிலத்தை வாங்குவதும் இதே தத்துவம்தான். அதனால்தான் நாம் ஆதரிக்க வேண்டும் என்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு ஆதரிக்க வேண்டும்.

முதலாவது: அந்த நிலத்தில் குடியிருப்போர் யாராவது உண்டா? இருந்தால் அவர்கள் பெயர்ப் பட்டியல் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகே பூங்காவுக்கு வேலி போட வேண்டும். "தற்காலிகம்" என்ற சொல்லை ஏற்கவே கூடாது. அந்தச் சொல் 40 ஆண்டு நீளும் என்பதைக் கியாரா காட்டிவிட்டது.

இரண்டாவது: வாங்கிய நிலம் அரசாங்கக் கெசட்டில் பொதுப் பயன்பாட்டு நிலமாக ஏறுமா? தேசிய நிலச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. கெசட்டில் ஏறாத பூங்கா, பூட்டு இல்லாத வீடு.

மூன்றாவது: விலை என்ன, யாரிடமிருந்து வாங்குகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது? பொதுப் பணம் என்றால் கணக்கும் பொதுவில் வர வேண்டும்.

நான்காவது: உள்ளே போக நுழைவுக் கட்டணம் உண்டா? பஸ் போகுமா? கழிவறை, குடிநீர், நிழல் இருக்குமா? கார் வைத்திருப்பவன் மட்டும் போய்வரும் பூங்கா, பழைய லேக் கிளப்பின் தம்பிதான்.

இவற்றை எங்கே கேட்பது என்று தயங்க வேண்டாம். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டப்படி, வட்டாரத் திட்டத்தின் நகலை நகராண்மைக் கழகம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபம் சொல்ல யாருக்கும் வாய்ப்பு உண்டு. அந்தப் பார்வை நாளில் போய்ப் பாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கோயில் கமிட்டி, மாதர் பகுதி, தொழிற்சங்கக் கிளை என்று பத்துப் பேராகப் போனால் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போடுவார். அழுத பிள்ளைக்குத்தான் பால். அதுவும் திட்டம் கையெழுத்தாவதற்கு முன்னே அழ வேண்டும். பின்னே அழுது பயனில்லை.

காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். ரோடு போட்டவர்களும், ரயில் தண்டவாளம் பதித்தவர்களும் அவர்களே. இந்த நாட்டின் ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பிடி நிழல் கேட்பது பிச்சையல்ல, பாத்தியதை. அந்த நிழலுக்காக இன்னொரு தொழிலாளியின் கூரை பிரிக்கப்படாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமையே.

பூங்காவா, வீடா என்று யாரேனும் கேட்டால் ஒரே பதில் சொல்வோம்: இரண்டும் வேண்டும், முதலில் வீடு, இரண்டும் எழுத்தில்!