அங்கீகாரம் வகுப்பறைக்கு, கப்பலுக்கு அல்ல

மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்பத் தீர்மானித்த வீட்டில், நகை அடகுக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் எழுகிறது: "அந்த இன்ஸ்டிட்யூட் கவர்ன்மென்ட் அப்ரூவ்டுதானே?" ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. கொல்கத்தாவின் கிடர்பூரிலும் இதே கேள்விதான், தூத்துக்குடியிலும் இதேதான். துறைமுகத்தின் சங்கு கேட்டு வளர்ந்தவர்கள்கூட இதற்கு மேல் கேட்பதில்லை. அரசு முத்திரை இருந்தால் பிழைப்புக்கு உத்தரவாதம் என்ற இந்த நம்பிக்கை, தனியார் தொழிற்பயிற்சி வியாபாரத்துக்குக் காசில்லாமல் கிடைத்த மூலதனம்.

போலிகளை இங்கே நான் பேசவில்லை. கிடர்பூரில் தொடங்கித் தெற்கே நீளும் டயமண்ட் ஹார்பர் சாலையின் முகவரி ஒன்று, யுஜிசியின் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் பல ஆண்டுகளாக இடம்பெற்று வந்தது. பட்டியலைப் பார்த்தவர் தப்பித்துக்கொள்ளலாம். எனக்குக் கவலை, எந்தப் பட்டியலிலும் வராத, சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிற நிறுவனங்களைப் பற்றித்தான்.

கப்பல் பயிற்சி நிலையத்துக்கு அங்கீகாரம் தருவது மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து தலைமை இயக்ககம். ஆய்வுக்கு வருகிறவர்கள் வகுப்பறையைப் பார்க்கிறார்கள், ஆசிரியரின் சான்றிதழைப் பார்க்கிறார்கள், பட்டறை, விடுதி, உயிர்காப்புப் படகு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தரமும் இடுகிறார்கள். 1978-ல் உருவாகி 1995-லும் 2010-லும் திருத்தப்பட்ட, மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கை கேட்பது இதைத்தான். இந்தியச் சான்றிதழை வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகள் மதிக்க வேண்டுமானால் இந்த ஆய்வு வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த ஆய்வு அறிக்கையை வைத்துக்கொண்டு பையனுக்குக் கப்பல் கிடைக்கும் என்று எப்படி முடிவுக்கு வருகிறோம்?

மற்ற படிப்புகளில் வேலை கிடைக்காவிட்டாலும் பட்டம் மிஞ்சும். கடல் படிப்பில் கப்பலேதான் பாதிப் படிப்பு. டெக் கேடட் ஓராண்டு டிப்ளமோ முடித்தபின் 18 மாதம் கடலில் இருந்தால்தான் செகண்ட் மேட் தேர்வை எட்ட முடியும். பத்தாம் வகுப்பு முடித்து ஜிபி ரேட்டிங் என்ற ஆறு மாத மாலுமிப் பயிற்சி படித்தவனுக்கும் அப்படித்தான், கப்பலேறாமல் அடுத்த படி இல்லை. சிடிசி என்ற மாலுமிப் புத்தகம் எடுத்தாகிவிட்டது, இன்டோஸ் என்ற மாலுமிப் பதிவு எண் வந்துவிட்டது, ஜாயினிங் மட்டும் வரவில்லை என்று ஏஜென்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனிடம் இருப்பது பாதிச் சான்றிதழ். அவனைச் சேர்த்துக்கொண்ட நிலையமோ தன் அங்கீகாரத்தில் ஒரு கீறல் விழாமல் அடுத்த பேட்சுக்கு விளம்பரம் கொடுக்கிறது.

உரிமத்தை நம்பி ஏமாறுவது கிடர்பூருக்குப் புதிதல்ல. சில்ஹெட்டிலிருந்தும் நவகாளியிலிருந்தும் வந்த லஸ்கர் மாலுமிகள் இங்கேதான் கடனுக்குச் சாப்பிட்டு, கடனுக்குத் தங்கி, கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். மாலுமிகளைச் சேர்த்துவிடுகிறவர் அரசு உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பது 1859-ஆம் ஆண்டுச் சட்டம். விளைவு என்ன? உரிமம் பெற்ற தரகரிடம் வாசலின் சாவி போய்ச் சேர்ந்தது. மாலுமிக் கூட்டத்தின் மேஸ்திரியான செராங் தரகருக்குக் காசு கொடுத்தார், மாலுமி செராங்குக்குக் கொடுத்தார், இடையில் தங்குவிடுதிக்காரர் வட்டியைப் பிடித்துக்கொண்டார். 1922-ல் க்ளோ என்ற அதிகாரியின் தலைமையில் அரசு குழு அமைத்து விசாரித்தபோது வெளிவந்தது உரிமம் இல்லாத நாலு பேரின் குற்றமல்ல, உரிமத்தோடு நடந்த லஞ்சம். தரகர்களை விலக்கிப் பொது வேலைவாய்ப்பு அலுவலகம் வேண்டும் என்ற யோசனை அன்றே எழுந்தது. கல்கத்தாவில் மாலுமிகளுக்கான அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் வர 1950-கள் ஆகிவிட்டன.

1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 97-ஆம் பிரிவு, வேலைக்குச் சேர்த்துவிடுவதற்காக மாலுமியிடம் காசு வாங்கக்கூடாது என்று தடுத்தது. பிற்பாடு வந்த ஆள்சேர்ப்பு விதிகளும் அதையே சொல்கின்றன. வேலைக்கென்று வாங்கினால் குற்றம். படிப்புக்கென்று வாங்கினால் ரசீதோடு கூடிய கட்டணம். "ப்ளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ் உண்டு" என்று வாய்வார்த்தையில் சொல்லி, ரசீதில் டியூஷன் ஃபீஸ் என்று எழுதிவிட்டால் அந்தப் பழைய செராங் காசு சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. எல்லா நிலையமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். தன் கேடட்டைக் கப்பலேற்றிவிட்டுத்தான் தூங்கும் முதல்வர்களும் உண்டு. அவரையும் மற்றவரையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. பலகையில் இருவருக்கும் ஒரே வாசகம்.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்து முடிந்திருக்கிறது. கொரிந்தியன் காலேஜஸ் என்ற தனியார் தொழிற்கல்லூரிக் குழுமம் 2015-ல் இழுத்து மூடப்பட்டது. மூடும்வரை அதன் கல்லூரிகளுக்கு மாநில உரிமமும் இருந்தது, அங்கீகாரமும் இருந்தது. வேலைவாய்ப்புக் கணக்கைத்தான் அது பொய்யாகக் காட்டியிருந்தது. அதில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை 2022-ல் அந்நாட்டு அரசு தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. நம் ஊரில் அடகுக்கடைக்காரர் தள்ளுபடி செய்வாரா?

முத்திரைக்கு மதிப்பில்லை என்றால் எதற்கு உரிமம், எடுத்துவிடுங்கள், நல்ல நிலையம் தானாகப் பிழைக்கும், கெட்டது மூடிவிடும் என்று சந்தைப் பக்தர்கள் சொல்லக்கூடும். டீ நன்றாக இல்லையென்றால் நாளைக்கு எதிர்க்கடைக்குப் போகலாம். பதினேழு வயதில் ஒருமுறை, குடும்பத்தின் மொத்தச் சேமிப்பையும் போட்டு வாங்குகிற படிப்பில் நாளை என்ற ஒன்று கிடையாது. கெட்ட பெயர் பரவி நிலையம் மூடுவதற்குள் எத்தனை பேட்ச் வெளியே வந்திருக்கும்? அரசு ஒதுங்கக்கூடாது. உள்ளே நுழையும் வாசலில் மட்டும் நிற்கிற அரசு, வெளியே வரும் வாசலுக்கும் போக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் தனியார் தொழிற்பள்ளி திடீரென்று மூடினால் மாணவர் கட்டணத்தை ஈடுசெய்ய ஒரு நிதி உண்டு. சேர்க்கையின்போது வசூலாகும் சிறு தொகைகளால் வளர்ந்த நிதி அது. இங்கே அதைவிட ஒரு படி மேலே கேட்கலாம். கட்டணத்தின் ஒரு பங்கு, பையன் கப்பலேறும்வரை நிலையத்தின் கைக்குப் போகாமல் தனிக்கணக்கில் இருக்கட்டும். எத்தனை பேரைக் கப்பலேற்றினார்களோ, அடுத்த ஆண்டு இடங்களின் எண்ணிக்கை அதையொட்டி ஏறட்டும், இறங்கட்டும்.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் வேலை இன்றே நடக்கும். பயிற்சி முடித்த ஒவ்வொருவருக்கும் இன்டோஸ் எண் இருக்கிறது. எந்த நிலையத்தில் படித்தார் என்ற பதிவும், எந்தத் தேதியில் எந்தக் கப்பலில் ஏறினார் என்ற பதிவும் இயக்ககத்துக்கே வந்து சேர்கின்றன. இரண்டையும் சேர்த்து, ஒவ்வொரு நிலையத்தின் பெயருக்கு எதிரே, போன மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர் இத்தனை, ஓராண்டுக்குள் கப்பலேறியவர் இத்தனை என்று இரண்டு எண்களை வெளியிடட்டும். அங்கீகார எண்ணை அச்சிடுகிற அதே அளவு எழுத்தில் அந்த இரண்டு எண்களையும் விளம்பரத்தில் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். கிடர்பூர் அப்பாவும் தூத்துக்குடி அம்மாவும் அடகுக்கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி அதற்குப்பின் வேறாக இருக்கும்.