எச்சரிக்கையும் செவியும்

அண்மையில் இலக்கிய நண்பர்கள் சிலர் கூடியிருந்த ஓரிடத்தில் பேச்சு இனக்கொலையின்பாற் சென்றது. வரலாறு கற்பிக்கும் ஆசிரியரொருவர், பெருங்கொலைகள் புயலைப் போன்றவை, எப்போது எழும் என்று எவராலும் அறுதியிட்டுக் கூறவியலாது என்றார். பலர் தலையசைத்தனர். எனக்கு அது உடன்பாடாகவில்லை. புயல் பெயர்ப்பட்டியல் எழுதிவைத்துக்கொண்டு வருவதில்லை.

1994ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், ருவாண்டாவில் ஐக்கிய நாடுகள் அமைதிப்படைக்குத் தலைமை தாங்கிய கனடியத் தளபதி ரொமியோ டலேர், நியூயோர்க்கிலுள்ள தலைமைச் செயலகத்துக்கு இரகசியத் தந்தியொன்று அனுப்பினார். இன்டெரகாம்வே என்னும் ஆயுதக் குழுவினரைப் பயிற்றி வந்த ஒருவன் வெளியிட்ட செய்தி அது. தலைநகர் கிகாலியிலுள்ள துட்சி மக்கள் யாவரையும் பதிவு செய்யுமாறு தனக்குக் கட்டளை பிறந்துள்ளதென்றும், அது அவர்களை அழித்தற்கே எனத் தான் ஐயுறுவதாகவும், இருபது நிமிடங்களில் ஆயிரம் பேர் வரையிற் கொல்லத் தன் ஆட்களால் இயலுமென்றும் அவன் கூறினான். பெல்ஜியப் படைவீரர் சிலரைக் கொன்று, அந்நாடு தன் படையை மீட்டுக்கொள்ளச் செய்வதும் திட்டத்தின் ஒரு கூறு. ஆயுதக் கிடங்கொன்றைக் காட்டவும் அவன் ஆயத்தமாயிருந்தான்.

முப்பத்தாறு மணி நேரத்துள் அக்கிடங்கைக் கைப்பற்ற எண்ணினார் டலேர். அது அவருக்களித்த அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதென்றும், செய்தியை ருவாண்டாச் சனாதிபதியிடமே தெரிவிக்கவேண்டும் என்றும் நியூயோர்க்கிலிருந்து மறுமொழி வந்தது.

ஏப்ரில் 6ஆம் நாள் இரவு அச்சனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பெல்ஜிய வீரர் பதின்மர் கொல்லப்பட்டனர். பெல்ஜியம் தன் படையை மீட்டுக்கொண்டது. ஏப்ரில் 21இல், எஞ்சிய அமைதிப்படையை ஏறத்தாழ 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. ஏறத்தாழ நூறு நாள்களில் மாண்டோர் எட்டு இலட்சம் என்பர். கூட்டியும் குறைத்தும் கூறுவோர் உளர். இதனையா முன்னறிய இயலாதது என்பது?

நியூயோர்க்கில் இருந்தோரை நெஞ்சீரமற்றவர் என்று ஏசிவிட்டுப் போவது எளிது. நான் அவ்வளவு தூரம் செல்லேன். 1993 ஒக்ரோபரிற்றான் சோமாலியாவின் மொகடிசு நகரில் அமெரிக்க வீரர் பதினெண்மர் மாண்டிருந்தனர். மற்றொரு மொகடிசு நேருமோ என்ற அச்சம் அவர்களைப் பிணித்திருந்தது. செய்தி சொன்னவன் சூழ்ச்சிக்காரனாகவும் இருந்திருக்கலாம். அன்றியும், தடுக்கப்பட்ட கொலைக்குச் சாட்சி கிடையாது. 1992 இறுதியில், போர் மூளுமுன்னரே மசிடோனியாவில் ஐ.நா. படையை நிறுத்தத் தீர்மானித்தனர். அது 1999 வரை நின்றது. அதுகாறும் அங்கே போர் மூளவில்லை. படையினால் விளைந்த பயனா அது, அன்றி எவ்வாறும் மூண்டிராதா என்று இன்றும் வாதிடலாம். அப்படை நீங்கியதோ சீனாவின் தடுப்புவாக்கினால். மசிடோனியா தைவானை அங்கீகரித்ததே அதற்குக் காரணம் என்பது பலர் கருத்து. 2001இல் அங்கு ஆயுதக் கலகம் எழுந்தது.

ஆயினும், தடுத்தல் என்றவுடன் படையையே நினைக்கும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றழைத்த வானொலி 1993 நடுப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. கொலை நடந்துகொண்டிருந்தபோதுகூட, அதன் ஒலிபரப்பைக் குழப்பும் யோசனை வாஷிங்டனில் எழுந்து, செலவு என்றும் சட்டம் என்றும் காரணங் காட்டிக் கைவிடப்பட்டது.

அடையாள அட்டையின் கதை இன்னும் பழையது. ஒவ்வொருவர் அட்டையிலும் இனத்தைப் பொறிக்கும் வழக்கத்தை 1930களிற் புகுத்தியவர் பெல்ஜிய ஆட்சியாளர். 1994இல் தெருத்தடைகளில் நின்றோர் முதலிற் கேட்டது அவ்வட்டையையே. நம் நாட்டார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1983 ஆடியிற் கொழும்பு வீதிகளில் வாக்காளர் பட்டியலோடு வந்த கூட்டத்தைக் கண்டோர் இன்றும் நம்மிடையே உளர்.

அட்டைகளிலிருந்து இனப்பெயரை நீக்குவதென 1993இல் அருசா நகரிற் செய்த உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டிருந்தனர். புதிய அட்டை அச்சிடுவதற்குப் படை வேண்டா. பாதுகாப்புச் சபையின் வாக்கும் வேண்டா. ஏப்ரில் மாதம் பிறந்தபோது மக்கள் கையில் இருந்தவை பழைய அட்டைகளே.