கடற்கரையில் ஒரு கேள்வி

புதுச்சேரியில் வாழ்கிறவர்களுக்கு வாய்த்திருக்கும் சௌகரியங்களில் கடற்கரைச் சாலை முதன்மையானது. மாலை வேளையில் அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காற்று இலவசம், பேச்சும் இலவசம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மிடம் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் நம்முடன் நடந்து வருவது வழக்கம். வகுப்பில் வாயைத் திறவாத பையன்கூட இங்கே வந்தால் கேள்வி கேட்பான். அப்படிப்பட்ட பையன் ஒருவன் சென்ற வாரம் நம்மை வசமாக மாட்டி வைத்துவிட்டான்.

காந்தி மகானின் சிலையருகே நின்றுகொண்டிருந்தோம். அதே சாலையில் பிரெஞ்சு யுத்த நினைவுச் சின்னமும் இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த மகா யுத்தத்தில் பிரான்சுக்காகக் கடல் கடந்து சென்று உயிர் நீத்த பிரெஞ்சிந்திய மக்களுக்காக எழுப்பப்பட்டது அது. பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஸார், இங்கே காந்தி, அங்கே யுத்தம். நம் நாட்டிடமோ அணுகுண்டு இருக்கிறது. அப்படியானால் நாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

இம்மாதிரி சமயங்களில் உபாத்தியாயர்களுக்குக் கைகொடுக்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. "நல்ல கேள்வி, தம்பி. அடுத்த வாரம் சொல்லுகிறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். ஆனால் வீடு திரும்பிய பின்னும் கேள்வி நம்மை விடவில்லை. அஹிம்சையைப் பற்றி எத்தனையோ வருஷங்களாகப் பாடம் சொல்லி வருகிறோம். அந்தப் பாடத்தின் முடிவில் இந்தக் கேள்வி காத்திருப்பதை நாம் கவனித்ததே இல்லை.

விடை தேடப் புறப்பட்டபோது, சித்தாந்த நூல்களைக் காட்டிலும் ஒரு மனிதருடைய உத்தியோக வாழ்க்கையே நமக்கு அதிகமாக உதவியது. அவர் ஸ்ரீ கே. சுப்பிரமணியம். 1929-ஆம் வருஷம் ஜனவரி மாதம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். சென்னை ராஜதானிக் கல்லூரியில் ரசாயனம் படித்து, 1951-ல் ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தார். பிறகு டில்லியில் பாதுகாப்பு இலாகாவுக்குச் சென்றார். அங்கே தொடங்கிய ஆயுதங்களைப் பற்றிய சிந்தனை, 2011 பிப்ரவரியில் அவர் காலமாகும் வரையில் ஓயவில்லை.

ஆயுதக் கட்டுப்பாடு என்பது விநோதமான உத்தியோகம். பாலம் கட்டிய என்ஜினீயர் பாலத்தைக் காட்டலாம். வைத்தியர் பிழைத்த நோயாளியைக் காட்டலாம். இந்த உத்தியோகஸ்தர் எதைக் காட்டுவார்? அவருடைய வேலை பலித்தால் ஒன்றும் நடக்காது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜினீவாவிலும் வியன்னாவிலும் நியூயார்க்கிலும் மாதக்கணக்காக உட்கார்ந்து, உடன்படிக்கையில் ஒரு வாக்கியத்துக்காக வாதாடுவார்கள். யார் யாரைச் சோதனையிடலாம், எதை எண்ணலாம், மறுத்தால் என்ன செய்வது என்றெல்லாம் பேசுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தினால் ஒரு தேசத்தின் கை கட்டுண்டு போகலாம், அல்லது கட்டவிழலாம்.

1968-ல் இப்படி ஓர் உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். 1967-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதிக்கு முன் அணுகுண்டு வெடித்துப் பார்த்த தேசங்கள் அதை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தொடக்கூடாது என்பது அதன் சாராம்சம். அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும் உள்ளே. தாங்களும் நல்லெண்ணத்துடன் ஆயுதக் குறைப்புப் பேச்சு நடத்துவதாக அவை வாக்களிக்க வேண்டும். ஆனால் அதற்குக் கெடு ஏதும் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் முன்னால் நுழைந்த ஐவர் உள்ளே தாழிட்டுக்கொண்டு, வெளியே நிற்பவர்களுக்கு உபவாசத்தின் மகிமையை எடுத்துச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் நம் நாட்டாருக்கு இது தோன்றியது.

புதுச்சேரிவாசிகளுக்கு இதில் விசேஷமான சம்பந்தம் ஒன்று உண்டு. பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை 1960 பிப்ரவரி 13-ஆம் தேதி ஸஹாரா பாலைவனத்தில் வெடித்தது. நம் ஊர் 1954 நவம்பர் முதல் தேதியே பாரத தேசத்துடன் சேர்ந்துவிட்டபோதிலும், சட்டப்படியான உரிமை மாற்றம் 1962 ஆகஸ்டு 16-ல்தான் நிறைவேறியது. ஆகையால் சட்டப் புத்தகத்தின்படி பார்த்தால், அந்தக் குண்டு வெடித்த அன்று நாமும் பிரெஞ்சுக்காரர்களே! பென்ஷன் வாங்கும் நம் தெருச் சொல்தா தாத்தாவிடம் இதைச் சொன்னோம். "பென்ஷனோடு அதையும் பங்கு போட்டுக் கொடுக்காமல் விட்டார்களே, அந்த மட்டும் புண்ணியம்" என்றார் அவர். அப்பேர்ப்பட்ட பிரான்ஸ், தனக்கென்று உள்ளே ஆசனம் போட்டு வைத்திருந்த ஒப்பந்தத்தில் 1992-ல்தான் சேர்ந்தது. சீனாவும் அதே வருஷத்தில்தான் சேர்ந்தது.

ஒப்பந்தத்தினால் நன்மையே விளையவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1970-களுக்குள் 15 முதல் 25 தேசங்கள் வரை அணு ஆயுதம் பெற்றுவிடக்கூடும் என்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1963-ல் அஞ்சினார். இன்றும் அந்த எண்ணிக்கை ஒன்பதுதான். ஒப்பந்தத்தை ஆதரித்தவர்களில் உயர்ந்த மனிதர்களும் உண்டு. நமது அண்டை நாடான இலங்கையின் ராஜதந்திரி ஸ்ரீ ஜயந்த தனபால, 1995-ல் நியூயார்க்கில் கூடிய மகாநாட்டுக்குத் தலைமை வகித்து, அந்த ஒப்பந்தம் காலவரையறையின்றி நீடிக்கும்படியான முடிவை வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேற்றி வைத்தார். அதுவும் பெரிய சாமர்த்தியமே.

குண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று உலகத்தைக் கேட்டவர்களில் முந்தினவர்கள் நாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1954 மார்ச் முதல் தேதி அமெரிக்கா பிகினித் தீவில் பிரம்மாண்டமான ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. வெகு தூரத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மீது வெள்ளைச் சாம்பல் பனிபோல் விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் நோய்ப்பட்டார்கள். ஒருவர் ஏழு மாதங்களுக்குள் இறந்தார். வைத்திக்குப்பத்துப் படகுகளைத் தினந்தோறும் பார்க்கிற நமக்கு அந்தச் செம்படவர்களின் நிலையை எண்ணிப் பார்ப்பது கஷ்டமல்ல. அதே வருஷம் ஏப்ரல் 2-ஆம் தேதி பண்டித நேரு பார்லிமெண்டில் எழுந்து, சோதனைகளை அப்படியே நிறுத்தி வைக்கும் உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று கேட்டார். பெரிய தேசங்கள் அப்போது செவிசாய்க்கவில்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் ஸ்ரீ சுப்பிரமணியம், பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென்று டில்லியில் ஏற்பட்டிருந்த ஸ்தாபனத்தின் தலைமையை 1968-ல் ஏற்றார். 1964 அக்டோபரில் சீனா குண்டு வெடித்திருந்தது. அந்த ஒப்பந்தத்தில் பாரதம் கையெழுத்திடலாகாது. தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் எழுதினார், பேசினார், வாதாடினார். மேல்நாட்டு நிபுணர்கள் அவரைக் கண்டு முகம் சுளித்தார்கள். உள்நாட்டிலும் எதிர்த்தவர்கள் உண்டு. இடையில் தமிழ்நாட்டு உள்துறைக் காரியதரிசியாகவும், பிறகு மத்திய சர்க்காரில் பாதுகாப்பு உற்பத்திக் காரியதரிசியாகவும் இருந்தார். 1980-ல் அதே ஸ்தாபனத்தின் தலைமைக்குத் திரும்பி ஏழு வருஷம் இருந்தார். ஐக்கிய நாடுகள் சபையின் ஆயுதக் குறைப்பு நிபுணர் குழுக்களிலும் வேலை செய்தார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவர் கட்சி ஒன்றே: கட்டுப்பாடு என்றால் எல்லோருக்கும் கட்டுப்பாடு.

1974-ல் பொக்ரானில் ஒரு சோதனை நடந்தது. அணு சாமான்களை விற்கும் நாடுகள் அதன் பிறகு கூட்டம் சேர்த்துக்கொண்டு நமக்குக் கதவடைத்தன. 1996-ல் முழு அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் ஜினீவாவில் உருவாயிற்று. அதில் பாரதம் கையெழுத்திடாது என்று அங்கிருந்த நம் பிரதிநிதி ஸ்ரீமதி அருந்ததி கோஷ் உலகமே கேட்கும்படி மறுத்தார். ஐ.நா. பொதுச் சபையில் 158 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை மூன்றே. 1998 மே மாதம் பொக்ரான் பாலைவனம் மறுபடியும் அதிர்ந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், அந்தப் பையனுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருந்திராது. குண்டு செய்வதற்கு நியாயம் சொன்னவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள். ஆனால் சோதனை நடந்த மறு வருஷம் நம் அணு ஆயுதக் கொள்கையின் நகலைத் தயாரித்த ஆலோசனைக் குழுவுக்கு முன்னின்று நடத்தியவர் இதே சுப்பிரமணியம்தான். 1999 ஆகஸ்டு 17-ல் அந்த நகல் வெளியாயிற்று. நாம் முதலில் பிரயோகிப்பதில்லை. அணு ஆயுதம் இல்லாத தேசத்தின்மீது பிரயோகிப்பதில்லை. தற்காப்புக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவுக்கு மேல் நாடுவதில்லை. ஆயுதத்தின் மீது அதிகாரம் ராணுவத்தாரிடம் அல்ல, ஜனங்கள் தேர்ந்தெடுத்த சர்க்காரிடமே இருக்க வேண்டும். முப்பது வருஷம் "வழியை அடைக்காதே" என்று வாதாடியவர், வழி திறந்தவுடன் அதில் வேலி போட உட்கார்ந்தார். இந்தக் குண்டு யுத்தம் செய்வதற்கான கருவியே அல்ல, பிறர் அதை நம்மீது எறியாமல் இருப்பதற்கு மட்டுமே உதவும் என்பது அவர் கொள்கை. அதே 1999-ல் சர்க்கார் பத்மபூஷண் விருது அளித்தபோது, அரசாங்க உத்தியோகஸ்தர்களும் பத்திரிகைக்காரர்களும் சர்க்கார் விருது பெறலாகாது என்று சொல்லி மறுத்துவிட்டார்.

வேலி முழுவதும் உறுதியாக இருக்கிறதா? 2003 ஜனவரி 4-ஆம் தேதி சர்க்கார் அங்கீகரித்து வெளியிட்ட கொள்கையில், ரசாயன ஆயுதத்தாலோ கிருமி ஆயுதத்தாலோ பெருந்தாக்குதல் நேர்ந்தால் அணு ஆயுதத்தால் பதிலடி கொடுக்கும் உரிமை உண்டு என்று ஒரு விலக்குச் சேர்ந்திருக்கிறது. காகிதத்தில் எழுதிய வாக்குறுதி ஆபத்துக் காலத்தில் எவ்வளவு தாங்கும் என்று கேட்பவர்களுக்கு முழுமையான சமாதானம் நம்மிடம் இல்லை. காந்தி சிலையடியில் நின்று அணுகுண்டுக்கு வக்காலத்து வாங்க நமக்கு வாய் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று வந்தபோது பாரதம் ஆயுதத்தைக் கைவிட்டுக் காட்டியிருக்கிறது. 1915 ஏப்ரலில் ஈப்ர் போர்முனையில் பிரெஞ்சுச் சேனையின்மீது ஜெர்மானியர் விஷப் புகையை அவிழ்த்துவிட்டார்கள். அதன் பிறகு இரு தரப்பாரும் அதைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கொடுமையைக் கண்ட பின்னரே 1925-ல் விஷப் புகையைப் பிரயோகிக்கலாகாது என்று ஜினீவாவில் ஓர் உடன்படிக்கை பிறந்தது. அது பிரயோகத்தைத் தடுத்ததே தவிர, இருப்பு வைப்பதைத் தடுக்கவில்லை. 1993 ஜனவரியில் பாரிஸ் நகரில் கையெழுத்தான ரசாயன ஆயுத ஒப்பந்தம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. அதில் ஐந்து பேருக்குத் தனி ஆசனம் கிடையாது. வைத்திருப்பவர் யாராயினும் கணக்குக் காட்டி அழிக்க வேண்டும். அந்நியப் பரிசோதகர்கள் வந்து பார்ப்பார்கள். பாரதம் கையெழுத்திட்டது. நம்மிடம் இருப்பு உண்டு என்பதை உலகத்தாரிடம் ஒப்புக்கொண்டு, பரிசோதகர்களின் கண்ணெதிரே 2009-க்குள் அனைத்தையும் அழித்து முடித்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பையன் மறக்காமல் வந்தான். மேற்சொன்னவற்றையெல்லாம் அவனிடம் சொன்னோம். "எந்தப் பக்கம் என்று கேட்டாய் அல்லவா, தம்பி? இரண்டுக்கும் நடுவிலே நிற்கிறோம். சட்டம் சமமாக இருந்த இடத்தில் காந்தியை நோக்கி ஓர் அடி வைத்திருக்கிறோம். மற்றோர் அடி பாக்கி இருக்கிறது" என்றோம்.

அவன் சற்று யோசித்தான். "அந்தச் சட்டத்தைச் சமமாக எழுத வைப்பது யார் வேலை, ஸார்?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை நம் வாசகர்களுடைய வீடுகளுக்கே அனுப்பி வைக்கிறோம். பிள்ளை டாக்டராக வேண்டும், என்ஜினீயராக வேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் இல்லை. ரசாயனம் படித்த திருச்சிப் பையன் ஒருவர் உலக சபைகளில் தேசத்துக்காக வாதாடினார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ தமிழும் ஆங்கிலமும் தவிர, ஜினீவாவின் தெருப்பேச்சாகிய பிரெஞ்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பௌதிகத்தோடும் ரசாயனத்தோடும் சட்டத்தையும் சரித்திரத்தையும் சேர்த்துப் படிக்கும் பெண்ணோ பையனோ உங்கள் வீட்டில் இருந்தால், "இதனால் என்ன சம்பளம் வரும்?" என்று முதலிலேயே கேட்டுவிடாதீர்கள். அந்தப் பாக்கி அடியை எடுத்து வைக்கப் போகிறவர்கள் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.