மண்ணைப் பார்த்து வேலி போடுங்கள்!

தோட்டத்துக்கு வேலி வேண்டும் என்றதும் பலர் கல்தூணும் முள்கம்பியும் வாங்க ஓடுகிறார்கள். பணம் இல்லாவிட்டால் கடன் வாங்குகிறார்கள். காலடியில் இருக்கும் மண்ணைப் பார்ப்பது இல்லை.

காங்கேயம், தாராபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவை நிற்கிறது. தாத்தா வைத்த வேலி, பேரன் காலத்திலும் மாடுகளை வெளியே விடாது. செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் கிளுவை நன்றாக வரும். மழையை ஒட்டிப் போத்துகளை வெட்டி, நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடிக்கும். கோடையில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். பட்டுப்போயிற்று என்று பிடுங்கிவிடாதீர்கள்! மழை விழுந்ததும் துளிர்க்கும். வேலி அடர்ந்து வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வெட்டிய முள்ளைப் போட்டு அடைத்துக்கொள்ளலாம்.

கரிசல் மண்ணின் சங்கதி வேறு. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். மேலாக நட்ட தூண் சாய்ந்துவிடும். வெடிப்புக்கும் கீழே போகும்படி குழி தோண்டவேண்டும். கடலோரத்திலோ, உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும். பனை மட்டை கிடைக்கும் ஊரில் கம்பி எதற்கு?

ஒன்றை மட்டும் யாரும் செய்யக்கூடாது. காட்டுப்பன்றியைத் தடுக்க என்று மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. 2 குட்டிகள் தப்பின. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டக்காரர் நடப்பதும் அந்த வரப்பில்தான்.